கறுத்தால் மாற்றித் தரப்படும்

ஜான் பாஷா பாய் நல்ல மனுஷர். இராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். பத்தொன்பது வருஷமாக அவருடைய கடையை ஒட்டியே என் தையல் கடை. நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், என் மிஷின் நூல் அறுந்து நான் திட்டினால் அவருக்குக் கேட்கும். அந்த நல்ல குணம்தான் அவர் மனைவியின் காலை வாங்கிவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் கோபம்தான். அவருக்கு அடுத்தபடியாக அதில் தப்பு யாருடையது என்றால், என்னுடையது. அவர் தப்பு ஊருக்கே தெரியும். அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். என்னுடையதை நான் ரொம்ப நாள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அவருடையது கவரிங் கடை. மகள் பெயரில் ‘தஹ்சீன் கவரிங்’. சங்கிலி, வளையல், தோடு, மாட்டல், கல்யாணத்துக்கு வாடகை செட் என்று எல்லாம் உண்டு. கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு. அதை எழுதியவர் மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தாக எழுதியிருந்தார்: ‘ஆறு மாத கேரண்டி. சங்கிலி கறுத்தாலும், கழுத்து கறுத்தாலும் மாற்றித் தரப்படும்.’

சங்கிலி கறுத்தால் மாற்றித் தருவது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். கழுத்து கறுத்தால் மாற்றித் தருகிற கடை அது ஒன்றுதான். கவரிங் போட்டால் கழுத்து கறுக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் நம்புகிற விஷயம். சிலருக்கு அது உண்மையும்கூட; அரிக்கும், தடிக்கும், கறுக்கும். ஆனால் எந்தக் கறுப்பு எதனால் வந்தது என்று யார் பார்த்தார்கள்? ஒரு வருஷம் கழித்து, பில் இல்லாமல், ஒருத்தி வந்து சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாலும் பாய் ஒன்றும் கேட்கமாட்டார். சங்கிலியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார், துணியில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார். “மாத்திக்கம்மா” என்று புதுசை எடுத்து நீட்டிவிடுவார்.

“ஏனுங்க பாய், அந்தம்மா குளிக்காம கொள்ளாம கெடந்து கழுத்து கறுத்திருக்கும். அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லோணுமா?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“கேரண்டி சங்கிலிக்கா குடுத்தேன் மேரிம்மா? கழுத்துக்குக் குடுத்தேன்” என்பார்.

அந்தப் பேச்சில் அவருக்கு ஒரு பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி பெயர் ஷரீஃபுன்னிசா. எனக்கு ஷரீஃபாக்கா. மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் கேரியரோடு வருவார். வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி. வெயிலோ மழையோ, நடைதான். ஆட்டோவில் வாங்க என்றால், “காலு என்னத்துக்கு இருக்குது?” என்பார். பாய் சாப்பிடுகிற நேரத்தில் என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊரில் நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் பேசுவார். அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எட்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் பாய்க்குச் சோறு பரிமாற அக்கா குனிந்தபோது முக்காடு நழுவியது. பின்கழுத்தைப் பாய் பார்த்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அவர் குரல் கேட்டது.

“என்ன இது? எத்தன நாளா இப்படி இருக்குது?”

“எது?”

“கழுத்து. கரி அப்புனாப்ல இருக்குது.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பின்கழுத்தும் அப்படித்தான். அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவர் கழுத்தில் கிடந்தது என்ன என்று பாய்க்குத் தெரியும். நிக்காஹ் அன்று கட்டின கருகமணி. அந்த மணிகளை முதலில் தங்கத்தில்தான் கோத்திருந்தார்கள். கடை வைக்கும்போது தங்கத்தை வாங்கிக்கொண்டு, தன் கடைச் சரக்கிலேயே ஒரு சங்கிலி எடுத்து மணிகளைக் கோத்துக் கொடுத்திருந்தார் பாய். அந்தக் குற்ற உணர்ச்சி அவருக்குள் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள கழுத்துக்கெல்லாம் பதில் சொல்கிறவர், தன் வீட்டுக் கழுத்தையே கறுக்க வைத்துவிட்டோம் என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

மறுநாளே சங்கிலி மாறியது. ஆறு மாதம் ஆயிற்று, கறுப்பு போகவில்லை. சரக்கு அனுப்பியவரோடு போனில் சண்டை போட்டு, வேறு இடத்துச் சங்கிலி வாங்கிப் போட்டார். பிறகு ஐம்பொன். பிறகு வெள்ளி. கடைசியில் எப்படியோ தேற்றித் தங்கத்திலேயே கோத்துப் போட்டார். கறுப்பு கூடத்தான் செய்தது. தங்கமும் சரிப்படவில்லை என்றால் சங்கிலி காரணம் இல்லை என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். பாய்க்குத் தோன்றவில்லை. “பழைய கறை மேரிம்மா. அத்தன வருஷம் ஏறுன கறை, அத்தன லேசுல போகுமா?” என்றார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனுஷனுக்கு வேறு காரணம் கண்ணில் படாது. தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, அப்புறம் தேடுவானேன்?

அக்காவும் தன் பங்குக்குக் கடலைமாவு, எலுமிச்சை, தயிர், உருளைக்கிழங்குச் சாறு எல்லாம் போட்டார். பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து புண்ணாகும்; ஆறினால் மறுபடி கறுப்பு. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பாலுண்ணி தொங்க ஆரம்பித்தது. அதையும் சங்கிலி உரசி வந்தது என்றார்கள். தலைமுடியை வைத்து முடிச்சுப் போட்டு அறுத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் காசு அகலத்துக்குப் பழுப்பாகத் திட்டுத் திட்டாக வந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. “உன் கட பெஞ்சுல இடிச்சுக்கறேன் மேரி, அதான்” என்றார். நானும் பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான் என் மூளை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் லேடீஸ் டைலர். ஒரு பெண்ணின் கழுத்தையும் அக்குளையும் அவள் புருஷனைவிட நான் பக்கத்தில் பார்க்கிறேன். டேப்பைப் பின்கழுத்தில் வைக்கும்போது விரல் படும். ஷரீஃபாக்காவின் கழுத்துத் தோல் தடித்து, மெத்தென்று, வெல்வெட் துணியைத் தடவினதுபோல் இருக்கும். அக்குளிலும் அப்படியே. பார்த்தேன், தொட்டேன், அளவை நோட்டில் எழுதினேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மருத்துவ முகாம் வைத்தார்கள். நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு சிஸ்டர் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். பாதிப் பேர் சுண்டலுக்கு வரிசையில் நின்றோம். நானும்தான். அப்போது காதில் விழுந்தது.

“கழுத்துப் பின்னாடி, அக்குள்ள கறுத்து, தடிச்சு, வெல்வெட் துணி மாதிரி இருந்தா அது அழுக்கில்லீங்க. தேச்சாப் போகாது. ஒடம்புல இன்சுலின் இருந்தும் சரியா வேல செய்யலைங்கறதுக்கு அது அடையாளமா இருக்கலாம். சின்னச் சின்ன மருவும் கூட வரும். சக்கர வியாதி வர்றதுக்கு முன்னாடியே தோல் சொல்லிப்புடும். ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கோங்க. ஆரம்பத்துல பிடிச்சா சமாளிச்சுக்கலாம்.”

வெல்வெட் என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. துணி வெட்டுகிற எனக்கு அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சுண்டலை வாங்காமலே வெளியே வந்தேன். நாளைக்கு அக்கா வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அக்கா வந்தார். முகம் எல்லாம் சிரிப்பு. “வெள்ளிக்கெழம ஆத்தூர்ல இருந்து தஹ்சீனப் பாக்க வாராங்க மேரி. நல்ல எடம். ஒரு கொறையும் சொல்லிரக் கூடாதுன்னு துவா செஞ்சுக்கிட்டே இருக்கறேன்.”

பெண் பார்க்க வருகிற நேரத்தில், அம்மாவுக்குச் சக்கரை என்று ஒரு பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் பொன்னாயி என்று ஒரு வாடிக்கைக்காரியிடம், “அக்குள்ல சொறி மாதிரி இருக்குதுங்க, டாக்டரப் பாருங்க” என்று நல்லதுக்குத்தான் சொன்னேன். நான் அழுக்காக இருக்கிறேன் என்கிறாளா இந்த டைலர் என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டுப் போனாள். அவள் பின்னாலேயே நாலு பேர் போனார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை முடிந்தது, கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். கல்யாணத்துக்கு அக்காவுக்கு ஏழு ஜாக்கெட் தைத்தேன். பின்கழுத்தை ஏற்றி, பட்டி வைத்து, ஒரு பொட்டுக் கறுப்புகூட வெளியே தெரியாதபடி வெட்டினேன். “உன் கை கைதான் மேரி” என்று அக்கா என் விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் கேரண்டி கொடுத்து மறைத்தார். நான் தைத்து மறைத்தேன். அவருக்காவது விஷயம் தெரியாது.

கல்யாணம் முடிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்துவிட்டது. அதோடு சரி.

அதன் பிறகு அக்கா இளைக்க ஆரம்பித்தார். மகள் போன ஏக்கம் என்றோம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்றார்; வயசாகுது என்றோம். பாதம் மதமதப்பாக, பஞ்சில் நடக்கிறாப்போல இருக்கிறது என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரம்ஜான் வியாபாரம் சூடாக இருந்த சமயம், அக்காவும் கடையில் நின்று உதவினார். சாயங்காலம் நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். கல்லு வைத்த தோடு ஒன்று செருப்புக்குள் விழுந்து, அதன் தண்டு வலது பாதத்தில் முழுசாக இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நின்றிருக்கிறார், அதன் மேல்தான் ஒரு கிலோமீட்டர் நடந்து வீடு போயிருக்கிறார். ஒரு சுரணையும் இல்லை. அத்தனை வருஷம் ஒரு பாவமும் அறியாத சங்கிலியைப் பாய் குற்றவாளியாக்கினார். அன்றைக்குத்தான் நிஜமாகவே குற்றவாளி அவர் கடைச் சரக்கு.

மஞ்சள் வைத்தார்கள், மருந்துக்கடையில் பவுடர் வாங்கிப் போட்டார்கள். நோன்பை விடாமல் பிடித்தார் அக்கா. பதினைந்து நாளில் சுண்டு விரல் கறுத்து நாற்றம் எடுத்தது. காய்ச்சலில் உளற ஆரம்பித்த பிறகுதான் கார் பிடித்து சேலத்துக்கு ஓடினோம். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பார்ப்பதற்கு முன்பே, படுக்கையில் திரும்பிக் கிடந்த அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

“எத்தன வருஷமா சுகர் இருக்கு?”

“சுகரே இல்லீங்களே மேடம்” என்றார் பாய்.

“டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப இந்தக் கழுத்து?”

பாய் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் போல நின்று சொன்னார். “அது நம்ம கடைச் சரக்குங்க. கவரிங் போட்டு அப்படி ஆயிருச்சுங்க. என் தப்புதானுங்க மேடம்.”

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். “கவரிங் இல்லீங்கய்யா. இது சுகரோட அடையாளம். கால்ல இருக்கற இந்தத் திட்டும் அதுதான். இவங்க தோலு பல வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கு.”

ரத்தத்தில் சக்கரை நானூறைத் தாண்டியிருந்தது. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதம். சீழ் மேலே ஏறவே, மூன்றாவது தடவை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலு என்னத்துக்கு இருக்குது என்று கேட்ட மனுஷி. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவர் பாய். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, “மேரிம்மா, இத மாத்தித் தர ஒரு கடையும் இல்லியே” என்று சொல்லி அழுதார். அந்த அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

டாக்டரம்மா சொல்லித் தஹ்சீனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். அவள் இப்போது சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் நடக்கிறாள். பிழைத்துக்கொள்வாள்.

ஊருக்குத் திரும்பியதும் பாய் முதல் காரியமாகப் போர்டை இறக்கினார். கழுத்தைக் காட்டி யார் வந்தாலும் இப்போது அவர் சங்கிலியைப் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு அம்மா, பதினைந்து வயசு மகள் மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கழுத்தில் அதே கறுப்பு.

“சங்கிலி மாத்தித் தாரேனுங்க. ஆனா பாப்பாவுக்கு ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துருங்க. இது சங்கிலியால வந்ததாத் தெரியலீங்க” என்றார் பாய்.

“பதினஞ்சு வயசுப் புள்ளைக்குச் சக்கரங்கறீங்களா? கேரண்டி குடுக்க வக்கில்லைன்னா நேரா சொல்லுங்க. புள்ளைக்கு ஏன் சீக்கக் கட்டி உடறீங்க?”

சங்கிலியைக் கண்ணாடி மேலே விட்டெறிந்துவிட்டுப் போனாள். பாய் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினார். “சங்கிலி வேண்டாமுங்க, டெஸ்ட் மட்டும் எடுத்துருங்க சாமி” என்று கெஞ்சினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்தார். “தெரியாமப் பொய் சொன்ன வரைக்கும் நல்லவன்னாங்க மேரிம்மா. இப்ப ஏமாத்துக்காரன்ங்கறாங்க. சொல்லட்டும்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “இதத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது அன்னிக்கு எங்கிட்ட இப்படித் தெருவுல தொரத்தி வந்து சொல்லியிருந்தா, நானும் திட்டியிருப்பேன். ஆனா அவ காலு இருந்திருக்கும்.”

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊசியில் நூல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நைட்டி தைக்க அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். வேளை தவறாமல் ஊசியும் மாத்திரையும் போட்டு, வாயைக் கட்டியதில் கழுத்து முன்னைக்கு வெளுத்திருந்தது. அத்தனை சங்கிலிக்கும் அசையாத கறுப்பு. அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. சிஸ்டர் சொன்னது, சுண்டல் வரிசை, ஆத்தூர்க்காரர்கள், ஏழு ஜாக்கெட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. வெட்டுப்பட்ட காலின் நுனியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவருகிட்டச் சொல்லீட்டியா?”

“இன்னும் இல்லீங்கக்கா.”

“சொல்லாத. அவரு மனசு உட்டுப் பேசறதுக்கு உன்னத் தவிர ஆளில்ல. அதுவும் போயிருச்சுன்னா ஒடஞ்சு போயிருவாரு.”

நான் அழுதேன். அவர்தான் என் முதுகைத் தட்டினார். “அழுவாத. அன்னிக்கு நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கவா போறேன்? தஹ்சீன் கல்யாணம் முடியட்டும்னுதான் நானும் சொல்லியிருப்பேன்.”

மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தேன். அளவெடுக்க வசதியாக அக்கா கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். என் விரல் கழுத்தில் பட்டபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“ஆனாலும் சொல்லியிருக்கலாம் மேரி.”